மணிக்குப் பதினைந்து

வேசர் ஆற்றின் இடது கரையில்
நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒரே பாதை.
ஏப்ரலில் அதன் முதுகில்
வெள்ளைப் பெயின்ட்டால் 15 என்று எழுதியவன் நான்.
ஸ்டென்சில் தகட்டை அழுத்திப் பிடித்தவள் வீப்கே.
ஐந்தின் வயிற்றில் கொஞ்சம் வழிந்துவிட்டது.
நகராட்சி வேலை, போதும் என்று விட்டுவிட்டோம்.

காரணம் மார்ச்சில் நடந்தது.
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் கெஸீனே
கருவிப் பையோடு நடந்துகொண்டிருந்தார்.
முதுகில் சூப்புப் பெட்டியோடு த்யார்க் வந்தான்.
மணி அடித்தான்.
அவர் ஒதுங்கினார்,
அவன் ஒதுங்கிய பக்கத்துக்கே.
மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
அவன் தன் மேல்சட்டையை அவர் தலைக்கடியில் மடித்து வைத்து
குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான்.
அன்றைய கூலி போயிற்று.
அதை அறிக்கையில் யாரும் எழுதவில்லை.

கூட்டம் போட்டார்கள்.
கப்பல் பட்டறையில் பற்றவைக்கும் என்னோ எழுந்து கேட்டார்:
"என் சைக்கிளில் முள் இல்லை, எண் இல்லை.
பதினைந்து என்று எனக்கு யார் சொல்வது?
எதிர்காற்றில் ஒன்பதே வராது.
பின்காற்றில் மிதிக்காமலே இருபது.
காற்றுக்கு எங்கே அனுப்புவீர்கள் அபராதச் சீட்டை?"
சிரித்தார்கள்.
யாரோ, பக்கத்தில் இருப்பவரோடு
மூச்சு வாங்காமல் சண்டை போட முடிந்தால்
அதுதான் பதினைந்து என்றார்.
அதற்கும் சிரித்தார்கள்.
கடைசியில் ஒரு பலகை வாங்கினார்கள்.

பலகைக்கு இரண்டு முகம்.
பச்சை சிரிக்கும், சிவப்பு உதட்டைப் பிதுக்கும்.
தள்ளுவண்டிக் குழந்தைக்கு 4, சிரிப்பு.
பள்ளி விட்டதும் பையன்கள்
சிவப்பைப் பார்க்கவென்றே நின்று மிதித்தார்கள்.
உணவு கொண்டுபோகிறவர்கள் 29, 31, 30.
சூப்பு ஆறினால்
அவர்கள் கூலியும் ஆறிவிடும்.
பிதுக்கிய உதட்டை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதேயில்லை.

திங்கள்தோறும் பதிவுகளைப் படிப்பது என் வேலை.
அப்படித்தான் கண்ணில் பட்டது:
விடியற்காலை ஐந்து பத்துக்கு, 41.
செவ்வாயும் 41. புதன் 39. வெள்ளி மறுபடி 41.
பந்தய சைக்கிள் வைத்திருக்கும் பல் மருத்துவர் என்றார் என்னோ.
யாரோ வீட்டைவிட்டு ஓடுகிறார்கள் என்றாள் வீப்கே,
தினமுமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

காபிக் குடுவையோடு போய் நின்றேன்.
பனிமூட்டம். பலகையின் சிவப்பு ஊசிப்புள்ளி மட்டும்.
அப்புறம் காலடி.
கெஸீனே. கட்டு பிரித்த கை பைக்குள்.
இந்த நேரத்தில்தான் நடுவில் நடக்க முடிகிறது என்றார்.
உங்கள் பலகை முனகுகிறது,
பி-யைவிடக் கால் சுரம் கீழே, எரிச்சலாக இருக்கிறது என்றார்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து பத்து.
பாதையின் மேலேயே, இடுப்பு உயரத்தில்,
நீருக்குப் போகிற ஒரு சாம்பல் நாரை.
41.
சிவப்பு உதடு பிதுங்கியது.
கெஸீனே ஒதுங்கவில்லை.
ஒருமுறை ஒதுங்கியது போதும் என்று
நினைத்தாரோ, பயத்தில் உறைந்தாரோ, நான் கேட்கவில்லை.
நாரைதான் ஒரு சிறகைச் சாய்த்து
அவர் தொப்பிக்கு மேலாக ஏறி இறங்கியது.

படிவத்தில் வாகன வகை என்றொரு கட்டம்.
சைக்கிள், மின்சைக்கிள், ஸ்கூட்டர், மற்றவை.
மற்றவை என்று குறித்தேன்.
மணி இல்லை. விளக்கு இல்லை.
வழிவிட்டது என்று எழுத அங்கே இடமும் இல்லை.

திரும்பும்போது பின்காற்று.
பலகைக்கு முதுகு காட்டி
ஆற்றைப் பார்த்து நின்றிருந்தார் அவர்.
நான் மிதிக்கக்கூட இல்லை.
டயர்கள் ஈரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து
மெல்ல ஏறத் தொடங்கின.

"பதினெட்டு" என்றார், திரும்பாமல்.
பலகை 18 என்றது.

"கொஞ்சம் இறக்குங்கள்"
என்றார்,
தந்தியிடம் சொல்கிற குரலில்.